செங்கல்பட்டுச் சீமையும் மிராசு என்னும் சொல்லும்

இங்கிலாந்து தேசத்தை அறிந்தவர்கள், அத்தேசத்து மக்கள் தத்தம் 'கவுண்டி'யின் மீது வைத்திருக்கும் பற்றையும் அறிவர். கென்ட், டெவன், யார்க்ஷயர் என்றெல்லாம் வழங்கும் அந்தச் சீமைகள் வெறும் நிர்வாகப் பிரிவுகளாக நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி மண்வாகு உண்டு. தனிப் பேச்சு வழக்கு உண்டு. தனிக் கதை உண்டு. 1086ஆம் ஆண்டிலேயே வில்லியம் மன்னன் சீமை சீமையாக ஊர்க்கணக்கு எடுப்பித்து, 'டூம்ஸ்டே' என்னும் பேரேட்டில் பதிந்து வைத்தான். எந்த ஊரில் எத்தனை ஏர், எத்தனை மாவரைக்கும் ஆலை, நிலம் முன்பு யார் கையில் இருந்தது, இப்போது யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் காணலாம். ஒவ்வொரு சீமைக்கும் முழு வரலாறு எழுதும் பணியை அவர்கள் 1899இல் தொடங்கினார்கள். அது இன்னும் முடிந்தபாடில்லை.

அவர்கள் சீமையைப் பற்றி எழுத அவர்களிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் வாசலில் கிடக்கும் சீமையைப் பற்றி நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னைக்கு மேற்கே, திருமழிசையை அடுத்த குத்தம்பாக்கத்தில் இருந்துகொண்டு நாம் இதை எழுதுகிறோம். வடக்கே கூவம் ஆறு. தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி. இரண்டுக்கும் இடையில் கிடக்கும் இந்த மண் பழைய தொண்டை மண்டலத்தின் நடுப்பகுதி. பிற்காலத்தில் இதற்குச் செங்கல்பட்டு ஜில்லா என்று பெயர். 1997இல் அந்த ஜில்லா இரண்டாகப் பிரிந்தபோது குத்தம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்தது; மற்றப் பகுதி காஞ்சிபுரம் மாவட்டமாயிற்று. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. வேடிக்கை என்னவென்றால், செங்கல்பட்டின் பெயரைத் தாங்கிய அந்தப் பழைய ஜில்லாவின் கலெக்டர் கச்சேரி நெடுங்காலம் சைதாப்பேட்டையில் இருந்தது. 1968இல் அது காஞ்சிபுரத்துக்குப் போயிற்று. பெயர் ஓரிடம், கச்சேரி வேறிடம்!

ஆங்கிலேயச் சீமைக்குள் 'ஹண்ட்ரட்' என்ற உட்பிரிவு இருந்ததைப் போலத் தொண்டை மண்டலத்துக்குள் கோட்டங்கள் இருந்தன. கோட்டம் 24, நாடு 79 என்பது மரபுக் கணக்கு. புழலில் கோட்டை கட்டி ஆண்ட குறும்பர்களை ஆதொண்டைச் சோழன் வென்று, வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றினான் என்பது செவிவழிக் கதை. கதை எப்படியாயினும், கோட்டங்கள் கதையல்ல. கல்வெட்டுகளில் அவை உள்ளன. பெரியபுராணம் செய்த சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. வைணவர் போற்றும் திருமழிசையாழ்வாரின் ஊர் நமக்குப் பக்கத்து ஊர். இராமானுசருக்கு ஆசானாக விளங்கிய திருக்கச்சி நம்பிகள் பிறந்தது பூவிருந்தவல்லி. கூப்பிடு தூரத்துக்குள் இத்தனை பெயர்கள்.

ஊர்ப் பெயர்களையும் நோக்குக. குத்தம்பாக்கம், செம்பரம்பாக்கம், நுங்கம்பாக்கம், வில்லிபாக்கம் என்று எங்கு திரும்பினும் பாக்கம். நிகண்டுகள் பாக்கம் என்பதை நெய்தல் நிலத்து ஊர் என்கின்றன. கடலே கண்ணுக்குத் தெரியாத இவ்வளவு உள்நாட்டில் அச்சொல் எப்படி ஏறி வந்தது? தொண்டை மண்டலத்தார் நீர்க்கரையில் அமைந்த எந்தக் குடியிருப்பையும் பாக்கம் என்று அழைத்திருக்கலாம் என்பது நம் கருத்து. ஏனெனில் இங்கே கடலுக்குப் பதில் ஏரி இருக்கிறது.

இந்தச் சீமையின் உயிரே ஏரிதான். காவிரி போன்ற ஆறு இதற்கு வாய்க்கவில்லை. பாலாற்றில் மணல் ஓடும் நாட்கள்தாம் அதிகம். கூவமும் அடையாறும் கொசத்தலையாறும் மழைக்கால ஆறுகள். ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மழையைப் பிடித்து வைத்தால்தான் தை மாதத்தில் கதிர் முற்றும். ஆகவே, நிலத்தின் சிறு சரிவைக் கண்டறிந்து, குறுக்கே பிறை வடிவில் கரை போட்டு, ஓர் ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலியாகக் கோத்தார்கள். இந்த வேலையில் எந்திரம் இல்லை. நூல் படித்த பொறியாளரும் இல்லை. பழைய ஜில்லாவின் வரைபடத்தை விரித்தால் நீலப் பொட்டுகள் சிந்திக் கிடப்பதைக் காணலாம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. 2015 டிசம்பர் முதல் நாள் அதிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட, அடையாற்றங்கரை முழுதும் மூழ்கியது நம் நினைவில் இன்னும் ஈரமாகவே இருக்கிறது.

ஏரி வெட்டுவது ஒரு தலைமுறையின் வேலை. அதைப் பேணுவது எல்லாத் தலைமுறைகளின் வேலை. இதே சீமையைச் சேர்ந்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் (கி.பி. 919, 921) வெட்டப்பட்ட கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. குடவோலையால் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை எல்லாரும் பேசுகிறார்கள். அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரியைக் காக்கவென்றே ஓராண்டுப் பதவி ஒன்று இருந்தது.

இவ்வேலைக்குப் பிற்காலத்தில் வந்த பெயர் 'குடிமராமத்து'. இங்குதான் நம்மைப் போன்ற அரபி படித்தவர்களின் காது நிமிர்கிறது. குடி என்பது தூய தமிழ். மராமத்து என்பதோ 'ரம்ம' என்னும் அரபி வினையடியிலிருந்து பிறந்தது. சிதைந்ததைச் செப்பனிடுதல் என்பது அதன் பொருள். ஏரிக்கரையில் மண் சுமந்த தமிழனின் வேலைக்குப் பெயரிடும்போது தமிழும் அரபியும் கைகோத்துக்கொண்டன.

இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. தாலுகா அலுவலகத்தில் கால் மணி நேரம் நின்றால், மதரஸாவில் முதல் வகுப்பு மாணவன் மனனம் செய்யும் வினையடிகள் பாதி காதில் விழும். தாலுகா என்பது 'தஅல்லுக்', அதாவது சார்ந்திருப்பது. ஜில்லா என்பது 'ளில்உ', விலா எலும்பு. பின்னர் பக்கம் என்ற பொருளும் பெற்றது. நாட்டின் விலா எலும்புகளில் ஒன்று ஜில்லா! பெரிய கிராமத்தைச் சார்ந்த சிற்றூர் மஜரா. அது 'மஸ்ரஆ', விளைநிலம். மகசூலும் தாசிலும் ஒரே தாய் பெற்றவை. வசூல் அவற்றின் உடன்பிறப்பு என்று பலர் எண்ணுவர். அது 'வஸல', போய்ச் சேர்தல் என்னும் வேறு வினையடி. ரயத்து என்பது 'ரஇய்யத்', மேய்ப்பனின் பொறுப்பில் உள்ள மந்தை. பசலி என்பது 'ஃபஸ்ல்', பருவம், கி.பி. 2024 ஜூலையில் பிறந்த பசலி ஆண்டு 1434. இச்சீமையின் வருவாய்க் கணக்குகள் இன்றும் பசலியில்தான் எழுதப்படுகின்றன. தவணையாகக் கட்டும் வரிக்குப் பெயர் கிஸ்தி. 'கிஸ்த்' என்ற சொல் திருக்குர்ஆனில் நீதி என்னும் பொருளில் வருவதை ஓதியவர் அறிவர். வரித் தவணைக்கு அப்பெயர் வாய்த்ததை எண்ணி, கட்ட முடியாத குடியானவன் சிரித்திருப்பானோ அழுதிருப்பானோ!

இச்சொற்களைக் கடல் வணிகம் செய்த அரபிகள் கொண்டுவரவில்லை என்பதைத் தெளிவாக்க வேண்டும். பழவேற்காட்டிலும் காயலிலும் கீழக்கரையிலும் இறங்கிய வணிகர் கொணர்ந்த சொற்கள் வேறு. அவை தொழுகையோடும் திருமணத்தோடும் சாப்பாட்டோடும் கலந்தன. தாலுகாச் சொற்களோ பாரசீகத்தின் வழியாக, குதிரை மீதும் கணக்குப் பேரேட்டின் மீதும் ஏறித் தக்காணத்திலிருந்து வந்தவை. 1640களில் கோல்கொண்டாப் படை இச்சீமையைக் கைக்கொண்டது. பூவிருந்தவல்லியில் உள்ள பழைய பள்ளிவாசல் அவ்வாட்சியில், 1653இல் எழுந்தது. 1687இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பின் வசமாக, இப்பகுதி முகலாயரின் கர்நாடகப் பிரிவில் அடங்கியது. அதன்பின் ஆற்காட்டு நவாபுகளின் காலம். ஒன்றரை நூற்றாண்டு பாரசீகக் கணக்கு நடந்தால் சொற்கள் மண்ணில் ஊறாமல் என்ன செய்யும்?

அந்தச் சொற்களில் மிகக் கனமானது மிராசு.

மிராசு என்பது 'மீராஸ்'. வாரிசு என்பதும் அதே வினையடியில் பிறந்தது. இறந்தவர் விட்டுச் சென்றதில் உயிரோடிருப்பவர் பெறும் உரிமைக்குப் பெயர் மீராஸ். மதரஸாவில் அதற்கென்றே ஒரு தனிக் கலை கற்பிக்கப்படுகிறது. அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று பங்குகள் வரையறுக்கப்பட்டவை. தாய்க்கும் மனைவிக்கும் மகளுக்கும் இடம் உண்டு. இதனை 'இல்முல் ஃபராயிள்' என்போம்.

தொண்டை மண்டலத்தில் முன்பே காணியாட்சி என்றொரு முறை இருந்தது. ஊர் நிலத்தின் மீது சில குடும்பங்களுக்குப் பரம்பரைப் பங்கு. விற்கலாம், அடகு வைக்கலாம். பாரசீகக் கணக்கர்கள் இதனைக் கண்டு மிராசு என்று மொழிபெயர்த்தார்கள். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை இம்மிராசு உரிமையை ஆராய்ந்து எழுதிய நூல் 1818இல் அச்சேறியது. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று முதலில் கண்டு சொன்ன அதே எல்லிஸ்தான். உரிமை இந்த மண்ணுக்கே உரியது, பெயர்தான் வந்தேறியது என்பது அவர் முடிவு. நாமும் அதை ஒப்புக்கொள்கிறோம்.

எல்லிஸுக்கு முன்பே இச்சீமைக்கு ஒரு டூம்ஸ்டே ஏடு உண்டானதைச் சொல்ல வேண்டும். நவாப் முகம்மதலி வாலாஜா, பட்ட கடனுக்கும் பெற்ற உதவிக்கும் ஈடாக 1763இல் இப்பகுதியைக் கும்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்தார். கொடுத்ததையே மீண்டும் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு வரி தண்டினார் என்பது அவர் கதையின் பரிதாபம். கும்பெனியாரோ தாம் பெற்றது இன்னதென அறிய விரும்பி, தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களின் ஏரி, குளம், தோப்பு, கோயில், வீடு, விளைச்சல் அத்தனையும் கணக்கில் ஏறின. கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதிய ஓலைகளே அதற்கு அடிப்படை. காந்தியவாதியான தரம்பால் அவர்கள் இக்கணக்குகளின் அருமையை உலகறியச் செய்தார். திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்கு 2001இல் நூலாகவும் வந்துள்ளது.

அதைப் புரட்டினால் ஊர் என்பது எப்படி இயங்கியது என்று புலனாகும். களத்தில் நெல் குவிந்ததும், வீட்டுக்குப் போகும் முன்பாகப் பங்குகள் பிரிந்தன. தச்சனுக்கு, கொல்லனுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, கணக்குக்கு, காவலுக்கு, ஏரிக்கு, கோயிலுக்கு என ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. அந்தப் பங்குகளுக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். உழைப்பவனுக்குக் களத்தில் கிடைக்கும் உரிமைப் பங்கே சுதந்திரம் என்று நம் முன்னோர் பேசினார்கள்!

அளவை முடிந்த ஆறாவது ஆண்டில் இடி விழுந்தது. 1780இல் ஹைதர் அலி கணவாய்களைக் கடந்து இச்சீமைக்குள் இறங்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிக்கு வடக்கே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை ஹைதராலும் திப்புவாலும் முறியடிக்கப்பட்டது. திப்புவின் வாணங்கள் வெடிமருந்து வண்டிகளில் பட்டுத் தீப்பிடித்த செய்தியை நம் பிள்ளைகள் ஆவலோடு படிக்கிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அப்போர் ஓவியமாகவும் உள்ளது. ஆயிரம் ஆண்டுக்கு முன் பல்லவனும் சாளுக்கியனும் பொருத புள்ளலூர்தான் அவ்விடம் என்பர். வெற்றியைச் சொல்லும் நாம் மற்றதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். கும்பெனிப் படைக்கு உணவும் தீவனமும் கிட்டக்கூடாதென்று ஹைதரின் குதிரைப் படை ஊர்களை எரித்தது, மக்கள் ஓடினார்கள், ஏரிகள் பேணுவாரற்றுக் கிடந்தன. பின்னால் பஞ்சம் வந்தது. சண்டை எந்த அரசர்களுக்கிடையே என்பது, எரிந்த வீட்டுக்காரனுக்கு இரண்டாம் கேள்வி.

1794இல் ஜாகிரின் கலெக்டராக வந்த லயோனல் பிளேஸ் ஏரிகளைச் சீர்ப்படுத்தினார். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் காத்தது இராமன்தான் என்று நம்பி அவர் அங்கே தாயார் சன்னிதி கட்டிக் கொடுத்த கதையை ஊரார் சொல்வர். கோயிலில் கல்வெட்டும் உண்டு. அதே பிளேஸ், தாம் கேட்ட வரிக்கு இணங்காத மிராசுதாரர்களின் மிராசைப் பறித்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தவரும் ஆவார். ஏரிக்கு நல்லவர், குடிக்குக் கடியவர்.

இனி, மிராசின் மறுபக்கம். அந்த மகத்தான பங்கு முறையில் நிலத்தில் இறங்கி ஏர் பிடித்த பறையர் மக்களுக்குக் களத்து நெல்லில் பங்கு இருந்ததே ஒழிய, நிலத்தில் பங்கு இல்லை. குடியிருந்த மனையும் அவர்களுடையதன்று. தரிசு நிலத்தை ஒருவர் கேட்டால், மிராசுதாரருக்கே முன்னுரிமை என்று சட்டம் பேசிற்று. அரபியில் எந்தச் சொல் பலவீனமான வாரிசுக்கும் பங்கை உறுதி செய்ததோ, அந்தச் சொல்லே இங்கே பலவீனமானவனை வாசலில் நிறுத்தும் பூட்டாக மாறியது. சொல்லின் மீது குற்றமில்லை. ஆனால் அதை எடுத்துக் கொடுத்த கணக்கர்கள் நம்மவர்கள். பின்னால் அதைப் பூட்டாக வார்த்தவர்களில் கும்பெனியாரும் உண்டு, உள்ளூராரும் உண்டு.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரெமென்கீர், இம்மக்களின் நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். சொந்த நிலம் இல்லாமல் இவர்களுக்கு விடிவில்லை என்பது அவ்வறிக்கையின் சாரம். 1892 செப்டம்பரில் அரசாணை பிறந்தது. அவர்களுக்கென ஒதுக்கிய நிலமே பஞ்சமி நிலம். முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக்கூடாது, பின்னரும் அவர்களுக்குள்ளன்றிப் பிறருக்குக் கைமாறக்கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் பத்திரமாக இருந்தது, நிலம்தான் கைமாறிற்று. நூறாண்டு கழிந்து, 1994 அக்டோபரில், இதே ஜில்லாவின் காரணை ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்க நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர்.

குத்தம்பாக்கத்தின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்தது அதற்கு இரண்டாண்டு பிந்தி. 1996இல் இவ்வூரின் ஊராட்சித் தலைவராக ஆர். இளங்கோ தேர்ந்தெடுக்கப்பட்டார். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்து வேதியியல் பொறியியல் கற்றவர். 2006 வரை இரு முறை தலைவராக இருந்தார். சாக்கடை கட்டும் வேலைக்கு, தொழிற்சாலையில் வீணாகக் கிடந்த கருங்கல் துண்டுகளைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். திட்டத்தில் இல்லாத கல்லை எப்படி வைக்கலாம் என்று அவரைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஊர் மக்கள் கிராம சபையில் கூடி அவர் பக்கம் நின்றார்கள். பதவி திரும்பக் கிடைத்தது. கேட்கையில் உத்தரமேரூர்ச் சபை நினைவுக்கு வருகிறது. ஒரு வேறுபாடு: அந்தச் சபையில் இளங்கோவின் முன்னோருக்கு இடம் இருந்திராது.

இங்கே சமத்துவபுரம் அமைந்தபோது இளங்கோ ஒரு கருத்தைச் சொன்னார். தனித்தனி வீடாகக் கட்டாமல் இரட்டை வீடாகக் கட்டுவோம். ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் பிற சாதிக் குடும்பம், இரண்டுக்கும் நடுச்சுவர் பொது என்றார். அவ்வாறே ஐம்பது இரட்டை வீடுகளில் நூறு குடும்பங்கள் குடியேறின. ஊரும் சேரியும் என்று நூற்றாண்டுக் கணக்காகப் பிரிந்து கிடந்த சீமையில், ஒரு சுவருக்கு இரு பக்கமும் வாழ்வது சிறு செய்தியன்று.

ஏரிகளின் நிலைக்கு வருவோம். 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழம்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. தொடக்க விழா நடந்த ஊர் இச்சீமையின் மணிமங்கலம். நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்று அது. பெயர் திரும்பிவிட்டது. குடி திரும்பியதா என்பது வேறு கேள்வி. கரையைக் காப்பவனுக்குக் கரைக்குக் கீழே ஒரு காணி வயலாவது இருந்தால்தானே காக்கத் தோன்றும்? வயல்கள் மனைகளாகிவிட்டன. குத்தம்பாக்கத்திலேயே பெரும் பேருந்து முனையம் ஒன்று எழுந்துள்ளது. பூவிருந்தவல்லி முதல் திருமழிசை வரை நிலம் சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகிறது.

விலை ஏற ஏற மிராசு என்னும் சொல் வேறு வழியாக நம் வீடுகளுக்குள் திரும்பி வந்திருக்கிறது. தந்தை மறைந்ததும் நிலத்தை மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதைத் தருபவர் தாசில்தார். சொல்லிலும் அரபி, பதவியிலும் அரபி. மனு எழுதித் தரும்படி நம்மிடம் வருவோர் சிலர் உண்டு. ஆண் மக்களின் பெயர்களைச் சொல்லி நிறுத்துவார்கள். "பெண் மக்கள்?" என்று கேட்போம். "சீர் செய்தாயிற்று ஹஜ்ரத். விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்" என்பார்கள். அது அந்தப் பெண்கள் பிறகு முடிவு செய்ய வேண்டியது. அவர்கள் பெயரையும் வயதையும் கேட்டு, மனுவில் வரிசையாக எழுதிய பிறகே தாளைக் கையில் கொடுக்கிறோம்.